பஞ்சப்படி இல்லாதவர்களின் விலைவாசி

கோவையில் எங்கள் தெருமுனைப் பெட்டிக்கடையில் தீப்பெட்டி கேட்டால், கடைக்காரர் தலையைத் திருப்பாமலே கையை மட்டும் பின்னால் விட்டு ஒன்றை எடுத்துப் போடுவார். 2 ரூபாய். 5 ரூபாய் நாணயத்தை நீட்டினால் 2 ரூபாயும் ஒரு மிட்டாயும் திரும்பி வரும். மிட்டாய் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். "ஒரு ரூவாச் சில்லறைக்கு நான் எங்கீங்க போவேன்?" என்பார்.

இந்த 2 ரூபாய்க்கு ஒரு வரலாறு உண்டு. 2021 டிசம்பர் 1-ம் தேதிதான் தீப்பெட்டி 2 ரூபாய் ஆனது. அதற்கு முன் 14 வருடம் 1 ரூபாய். 2007 வரை 50 பைசா. சிவகாசியில் ஐந்து தீப்பெட்டி உற்பத்தியாளர் சங்கங்கள் கூடிப் பேசி எடுத்த முடிவு அது. சிவப்பு பாஸ்பரஸ் கிலோ 425 ரூபாயிலிருந்து 810-க்குப் போய்விட்டது, மெழுகு 58-லிருந்து 80-க்குப் போய்விட்டது, அட்டை விலை கையைக் கடிக்கிறது என்று கணக்குக் காட்டினார்கள். தீப்பெட்டி விலை இரட்டிப்பு என்று அன்று எல்லாத் தொலைக்காட்சியிலும் செய்தி ஓடியது.

ஏன் 1 ரூபாய் 10 பைசா ஆக்கவில்லை? பத்துப் பைசாவை யார் கண்ணால் பார்த்தார்கள்? 25 பைசாவையே 2011 ஜூன் 30-ம் தேதியோடு புழக்கத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். 'நாலணா' என்ற சொல் மட்டும் வாயில் மிஞ்சியிருக்கிறது. நாணயத்தில் விற்கிற பொருளின் விலை, ஒரு நாணயத்திலிருந்து அடுத்த நாணயத்துக்குத்தான் தாவ முடியும். தாவும்வரை அசையாமல் நிற்கும். தாவிய அன்று எல்லோரும் திட்டுவார்கள்.

திட்டியதில் நானும் ஒருவன். பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 2007 டிசம்பரிலிருந்து 2021 டிசம்பருக்குள் தொழிலாளர் குடும்பங்களுக்கான விலைக் குறியீடு ஏறத்தாழ 2.7 மடங்காகியிருந்தது. தீப்பெட்டி இரண்டு மடங்குதான். அதிலும் பெட்டிக்கு 36 குச்சியாக இருந்ததை 50 ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். குச்சிக் கணக்குப் பார்த்தால் பாதி மடங்குகூட ஏறவில்லை. மற்றவற்றோடு ஒப்பிட்டால் தீப்பெட்டி அந்த 14 வருடத்தில் மலிந்துகொண்டே வந்திருக்கிறது. அந்த மலிவைக் கோவில்பட்டி, சாத்தூர் பக்கத்துப் பட்டறைகளும் அங்கே கூலிக்குப் போகிறவர்களும் சுமந்திருக்கிறார்கள். அது எந்தத் தொலைக்காட்சியிலும் ஓடவில்லை.

இந்தியாவின் விலைவாசிக் கதை முழுக்க இப்படித்தான். தாவுகிற விலை கண்ணில் படுகிறது. வெங்காயம், தக்காளி, பெட்ரோல், சிலிண்டர் என்று அதற்குப் பெயர்கள் இருக்கின்றன; அதற்காக ஆட்சிகள் கவிழ்ந்திருக்கின்றன. வருடா வருடம் சத்தமில்லாமல் ஏறுகிற விலைக்குப் பெயர் கிடையாது. பெரிய அரிப்பெல்லாம் அதில்தான் நடந்திருக்கிறது.

சிம்லாவின் மூன்று எண்கள்

தொழிலாளர் பணியகம் என்றொரு மத்திய அரசு அலுவலகம் சிம்லாவிலும் சண்டிகரிலும் இயங்குகிறது. தொழிற்சாலை, தோட்டம், சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள் என்ன வாங்குகின்றன, என்ன விலைக்கு வாங்குகின்றன என்று மாதா மாதம் நாடு முழுக்க 88 மையங்களிலிருந்து விலை சேகரித்துக் குறியீடு வெளியிடுவது அதன் வேலைகளில் ஒன்று. சென்னை, கோவை, மதுரை, சேலத்தோடு தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் குன்னூரும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

குறியீட்டுக்கு ஒரு அடிப்படை ஆண்டு வேண்டும். 1960-ஐ 100 என்று வைத்தார்கள். பிறகு 1982, பிறகு 2001, இப்போது 2016. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் பழைய தொடரைப் புதியதோடு ஒட்டுவதற்கு ஒரு இணைப்பு எண் தருவார்கள். அந்த மூன்று எண்கள்: 4.93, 4.63, 2.88. தொழிற்சங்க அலுவலகங்களில் இவை இன்றும் மனப்பாடம். மூன்றையும் பெருக்கினால் ஏறத்தாழ 65.7 வரும். 2016-ஐ 100 என்று கொண்ட குறியீடு 2025 செப்டம்பரில் 147.3. அதையும் சேர்த்துப் பெருக்கினால் கிட்டத்தட்ட 97.

அதாவது, 1960-ல் ஒரு தொழிலாளி வீட்டுச் செலவு 1 ரூபாய் என்றால் 2025-ல் அது 97 ரூபாய். வருடத்துக்குச் சராசரியாக 7 சதவீதத்துக்குச் சற்று மேல். கேட்க அவ்வளவு பயங்கரமாக இல்லை. பிரேசில், அர்ஜென்டினா நாடுகளில் ஒரே வருடத்தில் ஆயிரம் சதவீதத்தைத் தாண்டிய காலம் உண்டு. நம் பக்கத்து இலங்கையில் 2022 செப்டம்பரில் கொழும்புப் பணவீக்கம் 69.8 சதவீதம், உணவு மட்டும் ஏறத்தாழ 95 சதவீதம். சுதந்திர இந்தியா அப்படியொரு வருடத்தைப் பார்த்ததில்லை. ஆனால் 7 சதவீதம் என்பது பத்து வருடத்துக்கு ஒருமுறை விலையை இரட்டிப்பாக்குகிற வேகம். ஆறரைப் பத்தாண்டுக்குள்ளேயே ரூபாயைக் கிட்டத்தட்ட ஒரு பைசாவாக்கிவிட்டது.

அந்த மூன்று எண்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால் இன்னொன்று தெரிகிறது. 1960-க்கும் 1982-க்கும் நடுவே வருடத்துக்குச் சுமார் ஏழரை சதவீதம். 1982-2001 கட்டத்தில் எட்டு சதவீதத்துக்கு மேல். 2001-2016ல் மறுபடி ஏழைத் தாண்டியது. 2016-க்குப் பிறகு நாலரைக்குள் அடங்கியிருக்கிறது. இதெல்லாம் தோராயக் கணக்குதான் என்றாலும் திசை தெளிவு. இந்த நாட்டில் விலைவாசியின் வேகம் உண்மையாகவே குறைந்திருக்கிறது. டீக்கடையில் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள். காரணம் எளிது: வேகம் குறைந்தது, விலை குறையவில்லை. அறுபதில் போன பஸ் நாற்பதில் போகிறது என்பதற்காக ஊர் திரும்பி வந்துவிடாது.

அரிசியும் மெஸ் பில்லும்

முதல் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் மொத்த விலைகள் இறங்கின என்றால் இன்று யாரும் நம்பமாட்டார்கள். நல்ல மழை, நல்ல விளைச்சல். விலை விழுகிறதே என்றுதான் அன்றைய கவலை. அந்தக் காலம் பத்து வருடம்கூட நீடிக்கவில்லை. 1965, 1966 என்று அடுத்தடுத்து இரண்டு வருடம் மழை பொய்த்தது. அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்துச் சோறு தின்ற நாட்கள் அவை. 1966 ஜூனில் டாலருக்கு 4.76 ரூபாய் என்பதை 7.50 ஆக்கினார்கள். உணவு அமைச்சராக இருந்த சி.சுப்பிரமணியம் பசுமைப் புரட்சிக்கு விதை போட்டதும், இந்திய உணவுக் கழகம் தன் முதல் மாவட்ட அலுவலகத்தைத் தஞ்சாவூரில் திறந்ததும் அந்த நெருக்கடியின் ஓரத்தில்தான்.

1967 தேர்தலில் தமிழ்நாட்டில் காங்கிரஸ் தோற்றதற்கு இந்தி எதிர்ப்பை முதல் காரணமாகச் சொல்வோம். அரிசியை அடுத்ததாகச் சொல்வோம். வரிசையில் நின்ற பெண்களைக் கேட்டிருந்தால் இந்த வரிசை மாறியிருக்கலாம் என்பது என் எண்ணம். ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்றார் அண்ணா. ஆட்சிக்கு வந்ததும் சென்னையிலும் கோவையிலும் ஒரு படியைத் தொடங்கினார். கருவூலம் அதற்குமேல் தாங்கவில்லை. ஆனால் அன்று தொடங்கிய ஒரு பழக்கம் நிலைத்தது. அரிசி விலை என்பது சந்தையின் விவகாரம் மட்டுமில்லை, கோட்டையின் விவகாரம் என்று ஆனது. 2006-ல் ரேஷன் அரிசி கிலோ 2 ரூபாய், 2008-ல் 1 ரூபாய், 2011-ல் இலவசம். நாடு முழுக்க விலை ஏறிக்கொண்டிருந்த காலத்தில் ஒரே ஒரு விலை பின்னோக்கி நடந்து பூஜ்யத்துக்குப் போயிருக்கிறது. பொருளாதார அறிஞர்கள் சிலர் இதைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார்கள். இந்த மாநிலத்தில் விலையேற்றத்தால் பட்டினி வராமல் போனதற்கு இதைவிட நேரடியான காரணம் எனக்குத் தெரியவில்லை.

எழுபதுகள் இன்னும் மோசம். வங்கதேசப் போரும் ஒரு கோடி அகதிகளும் 1971-ல். 1972-ல் மழை இல்லை. 1973-ல் கோதுமை மொத்த வியாபாரத்தை அரசே எடுத்துக்கொண்டு கையைச் சுட்டுக்கொண்டது. அதே வருடக் கடைசியில் எண்ணெய் நாடுகள் கச்சா விலையைச் சில மாதங்களுக்குள் நான்கு மடங்காக்கின. 1974 செப்டம்பரில் மொத்த விலைப் பணவீக்கம் 30 சதவீதத்தைத் தாண்டியது. சுதந்திர இந்தியா பார்த்த உச்சம் அதுதான்.

அந்த வருடத்தை எண்ணைவிட ஒரு மெஸ் பில் நன்றாகச் சொல்லும். 1973 டிசம்பரில் அகமதாபாத் எல்.டி. பொறியியல் கல்லூரி விடுதியில் சாப்பாட்டுக் கட்டணத்தை 20 சதவீதம் ஏற்றினார்கள். மாணவர்கள் கிளர்ந்தார்கள். மற்ற கல்லூரிகளுக்குப் பரவியது, தெருவுக்கு வந்தது, நவநிர்மாண் இயக்கம் என்று பெயர் பெற்றது. 1974 பிப்ரவரியில் குஜராத் முதல்வர் சிமன்பாய் படேல் ராஜினாமா செய்தார். ஹாஸ்டல் சாம்பாரில் (அங்கே தால் என்று வைத்துக்கொள்ளுங்கள்) தொடங்கி இரண்டே மாதத்தில் ஒரு முதல்வர் வீட்டுக்குப் போனார். பிகாரில் ஜெயப்பிரகாஷ் நாராயணுக்கு அது முன்மாதிரி. மே மாதம் ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைமையில் ரயில்வே வேலைநிறுத்தம், இருபது நாள்.

ஜூலையில் அரசு ஒரு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. புதிதாகக் கிடைக்கும் சம்பள உயர்வு முழுவதும், கூடுதல் பஞ்சப்படியில் (விலை ஏற ஏறச் சம்பளத்தோடு சேரும் படி) பாதியும் கையில் வராது. கட்டாய வைப்பாக அரசிடம் போகும். கையில் பணம் புரளாவிட்டால் விலை ஏறாது என்ற கணக்கு. பணவீக்கம் 1975-76ல் பூஜ்யத்துக்கும் கீழே போனது. எமர்ஜென்சியில் விலைவாசி கட்டுக்குள் இருந்தது என்று சொல்லும் பெரியவர்கள் இன்றும் உண்டு. தேதியைப் பாருங்கள்: இறக்கம் 1974 செப்டம்பருக்குப் பிறகே தொடங்கிவிட்டது; எமர்ஜென்சி வந்தது 1975 ஜூனில். பெருமை தொழிலாளியின் பிடித்துவைக்கப்பட்ட பஞ்சப்படிக்கும் அடுத்த மழைக்கும் போக வேண்டியது.

1980-ல் வெங்காய விலையைப் பிரசாரமாக்கி இந்திரா காந்தி திரும்பி வந்ததும், 1998-ல் அதே வெங்காயம் டெல்லியில் பா.ஜ.க. ஆட்சியைச் சாய்த்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதைகள். விட்டுவிடுகிறேன். இவற்றிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். இந்தியாவில் விலை லத்தீன் அமெரிக்க வேகத்துக்குப் போகாததற்கு ரிசர்வ் வங்கியின் சாமர்த்தியம் மட்டும் காரணமில்லை. இரட்டை இலக்கத்தைத் தொட்டால் நாற்காலி ஆடும் என்ற பயம் எல்லாக் கட்சிக்கும் இருந்தது.

ஐம்பது கோடிக்குக் கீழே போனால்

சத்தமில்லாத விலையேற்றத்துக்கு ஒரு சத்தமில்லாத இயந்திரம் இருந்தது. 1955-ல் மத்திய அரசும் ரிசர்வ் வங்கியும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டன. அரசின் கணக்கில் இருப்பு 50 கோடி ரூபாய்க்குக் கீழே போனால், கேட்காமலே, தானாகவே ஒரு குறுகிய காலக் கடன் பத்திரம் உருவாகும். ரிசர்வ் வங்கி அதை வாங்கிக்கொண்டு பணம் தரும். 'அட்ஹாக்' பில் என்று அதற்குப் பெயர். தற்காலிகம் என்று அர்த்தம். நம் ஊரில் தற்காலிகப் பாலம் எத்தனை வருடம் நிற்குமோ அத்தனை வருடம் அதுவும் நின்றது: 42. எழுபதுகளின் நடுவிலிருந்து அதற்கு வட்டி 4.6 சதவீதம், சந்தையில் வட்டி எங்கே போனாலும் இது அசையாது.

மாமனார் வீட்டு அண்டாவில் அரிசி தீர்ந்தால் தானாக நிரம்புகிறது என்றால் யார் அளந்து போடுவார்கள்? பற்றாக்குறை வளர வளர ரூபாய் நோட்டும் வளர்ந்தது. அது போதாமல் வங்கிகளில் நாம் போடும் டெபாசிட்டிலும் கை வைத்தார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வங்கிகள் தங்கள் டெபாசிட்டில் 38.5 சதவீதம்வரை அரசுப் பத்திரம் போன்றவற்றில் வைக்க வேண்டும், 15 சதவீதத்தை ரிசர்வ் வங்கியில் வைக்க வேண்டும் என்ற நிலை. 1991-ல் அந்நியச் செலாவணி வற்றி, தங்கத்தை விமானமேற்றி அடகு வைத்த வருடத்தில் நுகர்வோர் பணவீக்கம் 14 சதவீதத்தை ஒட்டி வந்தது.

அட்ஹாக் பில்லுக்கு முடிவு கட்டும் ஒப்பந்தம் 1994 செப்டம்பரில் கையெழுத்தானது. நிதியமைச்சர் மன்மோகன் சிங். ரிசர்வ் வங்கி கவர்னர் சி.ரங்கராஜன். மூன்று வருடத்தில் படிப்படியாகக் குறைத்து, 1997 ஏப்ரலில் ஒரேயடியாக நிறுத்திவிட்டார்கள். எந்தப் பத்திரிகையும் இதை அட்டைப்படக் கட்டுரையாகப் போட்டதாக எனக்கு நினைவில்லை. பிறகு பத்து வருடம் பணவீக்கம் பெரும்பாலும் 4, 5 சதவீதத்தில் நின்றதற்கு அந்தக் கையெழுத்தின் பங்கு பெரிது. 1991-ன் சீர்திருத்தம் என்றதும் நாம் காரும் கோலாவும் நினைக்கிறோம். எனக்கு ரங்கராஜனின் இந்தச் சின்னப் பூட்டுதான் நினைவுக்கு வரும்.

தோசைக் கணக்கு

2009-க்குப் பிறகு பணவீக்கம் திரும்பி வந்தது, ஐந்து வருடம் தங்கியது. 2009-10ல் தொழிலாளர் குறியீட்டுப்படி 12 சதவீதத்துக்கு மேல். 2013 நவம்பரில் 11-ஐத் தாண்டியது. இந்த முறை காரணம் வறட்சி மட்டுமில்லை. பாலும் முட்டையும் பருப்பும் காய்கறியும் வாங்கக் கையில் காசு வந்திருந்தது. அவற்றின் உற்பத்தி அந்த வேகத்துக்கு ஓடவில்லை. நெல்-கோதுமை ஆதரவு விலை ஏறியது, கிராமத்துக் கூலி ஏறியது, கச்சா எண்ணெய் நூறு டாலருக்கு மேல் நின்றது. எதை மட்டும் குற்றம் சொல்வது என்று இன்றுவரை அறிஞர்கள் சண்டை போடுகிறார்கள்.

2013 செப்டம்பரில் கவர்னராக வந்த ரகுராம் ராஜன் 2016 ஜனவரியில் ஓர் உரையில் ஒரு தோசைக் கணக்குச் சொன்னார். ஓய்வூதியர் ஒருவரிடம் 1 லட்சம் ரூபாய் இருக்கிறது. தோசை 50 ரூபாய். இன்றே முழுவதையும் தோசையாக்கினால் 2,000 தோசை. வங்கியில் போட்டால் 10 சதவீத வட்டி. வருடக் கடைசியில் 1,10,000. ஆனால் பணவீக்கமும் 10 சதவீதம் என்பதால் தோசை 55 ரூபாய். கிடைப்பது அதே 2,000. இப்போது வட்டி 8, பணவீக்கம் 5.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் 1,08,000; தோசை 52.75. ஏறத்தாழ 2,047 தோசை. வட்டி குறைந்துவிட்டதே என்று புலம்புகிறவர் உண்மையில் 47 தோசை கூடுதலாகச் சாப்பிடலாம்.

கணக்கு சரி. ஆனால் அந்த ஓய்வூதியர் தோசை மட்டும் சாப்பிடுகிறவர். மாத்திரை வாங்குவதில்லை, ஸ்கேன் எடுப்பதில்லை. அடுத்த மாதமே கொச்சியில் ஒருவர் அவரைக் கேட்டார்: பணவீக்கம் இறங்கினாலும் தோசை விலை ஏன் இறங்குவதில்லை? ராஜன் சொன்ன விளக்கம் முதல் கணக்கைவிட ஆழமானது. கல்லில் மாவை ஊற்றித் தேய்த்து எடுக்கிற முறை மாறவே இல்லை. அதைச் செய்கிறவரின் கூலியோ ஏறிக்கொண்டே இருக்கிறது என்றார்.

வளரும் நாட்டின் விலைவாசி ரகசியம் அந்தக் கல்லில் இருக்கிறது. தொழிற்சாலையில் ஒரு ஆள் ஒரு மணி நேரத்தில் செய்வது வருடா வருடம் கூடுகிறது. அதனால் டிவியும் செல்போனும் மலிகின்றன. முடிதிருத்துகிறவர் இன்றும் ஒரு தலையை ஒரு நேரத்தில்தான் வெட்ட முடியும். ஆனால் அவர் பிள்ளை டெலிவரி வேலைக்குப் போனால் என்ன கிடைக்குமோ அதற்கு இணையாகக் கடையிலும் கிடைக்க வேண்டும். தோசை, முடிவெட்டு, டியூஷன், நர்ஸ், வீட்டு வேலை, கொத்தனார், இவற்றின் விலை ஏறுவதற்கு அர்த்தம், அதைச் செய்கிறவர் முன்பைவிடச் சற்று நன்றாக இருக்கிறார் என்பதும்தான். கொத்தனார் கூலியைப் பார்த்து நாட்டில் விலைவாசி தாங்கவில்லை என்று சலித்துக்கொள்ளும் நடுத்தர வர்க்கம், சலிப்பை ஒரு நிமிடம் நிறுத்தி இதை யோசிக்கலாம்.

ராஜன் காலத்தில் உர்ஜித் படேல் குழு 2014 ஜனவரியில் தந்த அறிக்கை 2016-ல் சட்டமானது. இலக்கு, நுகர்வோர் பணவீக்கம் 4 சதவீதம். மேலே 6, கீழே 2 வரை பொறுக்கலாம். ஆறு பேர் குழு வட்டியை முடிவு செய்யும். தொடர்ந்து மூன்று காலாண்டு எல்லை தாண்டினால் ரிசர்வ் வங்கி அரசுக்கு விளக்கக் கடிதம் எழுத வேண்டும். 2022-ல் உக்ரைன் போரோடு அப்படித் தாண்டியது. நவம்பரில் குழு கூடியது, கடிதம் எழுதினார்கள். அதை வெளியிடவில்லை. கடைக்குப் போகிறவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது என்று நினைத்திருக்கலாம்.

2025 அக்டோபரில் கதை தலைகீழ். நுகர்வோர் பணவீக்கம் 0.25 சதவீதம். உணவு விலைகள் முந்தைய வருடத்தைவிட 5 சதவீதம் கீழே. டெல்லியில் கைதட்டினார்கள். பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி விலை விழும் பருவத்தில் பறிகூலிக்குக் கட்டாமல் செடியிலேயே விட்டுவிடுகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கைதட்டல் கேட்காது. 2023 ஜூலையில் தக்காளி நூறைத் தாண்டி, ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு அரசு விற்ற காலமும் இதே சுழற்சியின் மறுபக்கம். நுகர்வோர் தக்காளிக்குத் தரும் 100 ரூபாயில் விவசாயிக்குப் போவது சுமார் 33 ரூபாய் என்று ரிசர்வ் வங்கி ஆய்வாளர்களே 2024-ல் கணக்கிட்டிருக்கிறார்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் நடுவில் இருப்பவர் நனைவதில்லை.

குறியீட்டின் மேல் சந்தேகப்படுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. எண்ணைத் திருத்துகிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் 2012-ஐ அடிப்படையாகக் கொண்ட நுகர்வோர் குறியீட்டுப் பட்டியலில் குதிரை வண்டிக் கட்டணமும் ஆடியோ கேசட்டும் ரொம்ப நாள் உட்கார்ந்திருந்தன. உணவுக்கு அதில் 45.86 சதவீத எடை. 2024-ஐ அடிப்படையாகக் கொண்ட புதிய வரிசையில் அது குறைந்திருக்கிறது. குறைய வேண்டியதுதான், வசதி கூடக்கூடச் சோற்றுக்குப் போகும் பங்கு குறையும். தொழிலாளர் குறியீட்டிலேயே 1982-ல் 57 ஆக இருந்த உணவு எடை 2016-ல் 39 ஆகிவிட்டது. சராசரிக் குடும்பம் என்று ஒன்று எந்தத் தெருவிலும் குடியிருக்கவில்லை என்பதுதான் சிக்கல். வருமானத்தில் முக்கால்வாசி சாப்பாட்டுக்கே போகிற வீட்டுக்கு ஒரு பணவீக்கம், இரண்டு பிள்ளைகள் தனியார் பள்ளியில் படிக்கிற வீட்டுக்கு இன்னொன்று.

அகவிலை

அரசு ஆவணத்தில் 'அகவிலைப்படி' என்று எழுதுவார்கள். அகவிலை என்றால் தானியத்தின் விலை, பழைய சொல். மில் தொழிலாளர்கள் அதைப் 'பஞ்சப்படி' என்றார்கள். பஞ்ச காலத்துக்கான படி என்று தொடங்கியது, பஞ்சம் போன பிறகும் பெயரோடு நின்றுவிட்டது. மத்திய அரசு ஊழியருக்கு 2025 ஜூலையில் அது 58 சதவீதம் ஆனது. சிம்லா எண்ணிலிருந்து நேராக வருகிற கணக்கு: 2015-ன் சராசரியிலிருந்து விலை 58 சதவீதம் ஏறியிருந்தது, சம்பளத்தோடு அதைச் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்கள். ஓய்வூதியருக்கும் உண்டு. மாநில அரசுகளும் பின்தொடர்கின்றன. இந்த வட்டத்துக்குள் இருப்பவருக்கு விலைவாசி என்பது ஆறு மாதத் தாமதம் மட்டுமே.

இதை நான் குறை சொல்லவில்லை. வட்டத்துக்கு வெளியே இருப்பவர்களைப் பற்றித்தான் பேச்சு. மத்திய அரசு 60 முதல் 79 வயதுவரையுள்ள ஏழை முதியவருக்குத் தரும் பங்கு மாதம் 200 ரூபாய். 2007-லிருந்து அதே 200. அன்றைய விலையில் அது இன்று சுமார் 63 ரூபாய். தமிழ்நாடு தன் பங்கைச் சேர்த்து 2023-ல் அதை 1,200 ஆக்கியது. சில மாநிலங்கள் சேர்ப்பது சொற்பம். தனியார் நிறுவனங்களில் உழைத்தவர்களுக்கான 1995-ம் வருட ஓய்வூதியத் திட்டத்தில் குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய் என்று 2014 செப்டம்பரில் நிர்ணயித்தார்கள். அதற்குப் பஞ்சப்படி கிடையாது. 2014-ல் 1,000 ரூபாய்க்குக் கிடைத்ததில் இன்று அந்தப் பணத்துக்குக் கிடைப்பது 600 ரூபாய்க்கும் குறைவான பொருள். 2014-க்குப் பிறகு பணவீக்கம் ஒப்பீட்டளவில் நல்ல பிள்ளையாகவே நடந்துகொண்டது என்பதையும் மறக்க வேண்டாம். நல்ல பிள்ளையே பதினொரு வருடத்தில் நாற்பது சதவீதத்தைத் தின்றிருக்கிறது.

மறுபக்கம், 2025 டிசம்பரில் ஒரு பவுன் தங்கம் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. ரூபாய் கரைவதைப் பார்த்துப் பெண்கள் கண்டுபிடித்த பஞ்சப்படி அது. பவுன் வாங்க முடிந்தவர்களுக்கு.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். மூடிப்போன பஞ்சாலை ஒன்றில் முப்பது வருடம் ஸ்பின்னிங்கில் இருந்தவர். அந்த 1,000 ரூபாய்க்காரர்களில் ஒருவர். வருடம் ஒருமுறை உயிரோடு இருக்கிறேன் என்று காட்டக் கைரேகை வைக்கப் போவார். நூல் இழுத்துத் தேய்ந்த விரலில் ரேகை பிடிக்க நாலு தடவை அழுத்த வேண்டியிருக்கும். மில் நாட்களில் மாதா மாதம் குறியீடு எத்தனை புள்ளி ஏறியது, ஒரு புள்ளிக்கு எவ்வளவு பஞ்சப்படி என்று கணக்குப் போட்டுத் தோழர்களுக்குச் சொன்னது அவர்தானாம். பெட்டிக்கடைப் பெஞ்சில் பேப்பரை விரித்து உட்கார்ந்திருப்பவர், என்னைக் கண்டால் இன்றும் கேட்பார்:

"ஏனுங்க தம்பி, இந்தத் தடவை எத்தனை பாயின்ட் ஏறியிருக்குதுங்க?"

சொல்வேன். மனதுக்குள் பெருக்கிப் பார்ப்பார். தலையை ஆட்டிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுவார்.